இரும்பு சேர்த்த குரல்

1970-இல் இங்கிலாந்தில் ரூபர்ட் நீவின் நிறுவனம் 1073 என்ற மைக் ப்ரீஆம்பைக் கொண்டுவந்தது. மைக்கின் மெல்லிய சிக்னலை 80 டெசிபல் வரை, வோல்டேஜ் கணக்கில் 10,000 மடங்கு, பெருக்கும். அன்றைய பொறியாளர்கள் சிதைவைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள். ஆனாலும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கொஞ்சம் திணறி, மூலத்தில் இல்லாத மேல்சுரங்களைச் சேர்த்துவிடும். அந்த மிச்சத்தைத்தான் இன்று ‘வார்ம்த்’ என்று தேடுகிறோம். நானும் மூன்று மாதம் ராத்திரி ராத்திரியா சால்டரிங் செய்து, அதே சர்க்யூட்டில் ஒன்றைக் கட்டினேன். (விரல் சுட்டது தனிக்கதை.)

முதலில் பதிவு செய்தது அம்மாவின் தாலாட்டு. எழுபது தாண்டிய குரல். நடுவில் மூச்சு அறும். கெய்னைத் தூக்கி வைத்திருந்தேன். கேட்டால், குரலுக்குச் சதை பிடித்திருந்தது.

தங்கச்சி ஹெட்போனைக் கழற்றினாள். “நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா அம்மா இப்ப இப்படியா பாடுறாங்க?”

எந்தக் கருவியும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை என்று வாதாடினேன். உண்மைதான். ஆனால் இரும்பு தெரியாமல் செய்கிறது. நான் தெரிந்தே கெய்னைத் திருப்பினேன், அம்மாவின் வயதைக் கேட்கப் பிடிக்காமல்.

மறுநாள் ப்ரீஆம்பை விட்டுவிட்டு, சாதாரண இன்டர்ஃபேஸில் மறுபடி எடுத்தேன். அம்மா இரண்டையும் கேட்டாங்க.

“முதல்ல எடுத்தியே, அத வெச்சுக்கோடா.”

இரண்டையும் வைத்திருக்கிறேன். ஃபைலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.