ஐந்து சீட்டு, மூன்று வினை

நின்டெண்டோ ஸ்விட்ச் திரையின் அடியில் ஐந்து சீட்டுகள் விரிகின்றன. எதிரே ஓர் அரக்கன். அடுத்து அவன் எவ்வளவு பலமாக அடிக்கப் போகிறான் என்பது தலைக்கு மேலே எண்ணாகவே தெரிகிறது. ஆடுகிறவருக்கு அந்தச் சுற்றில் மூன்று அலகு ஆற்றல்தான். வெட்டும் சீட்டுக்கு ஒன்று, தடுக்கும் சீட்டுக்கு ஒன்று, பலமான அடிக்கு இரண்டு. கையில் வந்த ஐந்தையும் ஆட முடியாது. சுற்று முடிந்ததும், ஆடாமல் மிஞ்சியதும் சேர்ந்து கழித்த அடுக்குக்குப் போய்விடும். அடுத்த சுற்றுக்கு வேறு ஐந்து.

‘ஸ்லே த ஸ்பயர்’ என்ற இந்த ஆட்டத்தை அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள மெகா கிரிட் என்ற சிறு நிறுவனத்துக்காக ஆண்டனி ஜியோவனெட்டியும் கேசி யானோவும் உருவாக்கினார்கள். 2019-ல் கையடக்கக் கருவிக்கு வந்தது. பிறகு கைபேசிக்கும் வந்துவிட்டது. வீரன் ஒருவன் கோபுரம் ஏறுகிறான், வழியில் சண்டை, சண்டைக்கு ஆயுதம் சீட்டு. கதை அவ்வளவுதான். ஆனால் ஆடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பழைய கேள்வி ஒன்று எழுகிறது. கைக்கு வந்ததை ஆடுவது மட்டும்தான் மனிதன் வேலையா? வருவதையும் தீர்மானிப்பது அவனேதானா?

அந்தக் கேள்வியைக் கேட்க ஆழ்வார்குறிச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். கடனா நதிக்கரை ஊர் இது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது திருநெல்வேலியிலிருந்து அங்கே போனது. பக்கத்தில் மலையடிவாரத்தில் சிவசைலநாதரும் பரமகல்யாணி அம்பாளும் இருக்கிறார்கள். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில் பாபநாசம். அதை ஒட்டிய விக்கிரமசிங்கபுரம்தான் சிவஞான முனிவர் பிறந்த ஊர். சிறு வயதிலேயே திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போய்ச் சேர்ந்து, மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதி, 1785-ல் மறைந்தவர். வெறும் பன்னிரண்டு சூத்திரங்களுக்கு அவர் எழுதிய அந்த உரையில், வினை என்றால் என்ன, அது எப்படி உயிரை வந்து சேர்கிறது என்ற விசாரணை நூல் பிடித்தாற்போல ஓடுகிறது.

இந்த வட்டாரத்து வீட்டில் ஒரு பையன் திரையில் சீட்டு விரித்தால், பெரியவர்கள் வாயில் முதலில் வருவது “எலே, சீட்டா வெளையாடுத?” என்பதுதான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. திருக்குறள் சூதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியது. இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் இன்னும் மறக்கவில்லை. நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருக்கின்றன. 1967-ல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், ரம்மியில் சீட்டு விழுவது அதிர்ஷ்டம்தான் என்றாலும், விழுந்ததை நினைவில் வைத்து எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் தமிழகம் கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைக்க ஒப்பவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற விசாரணையையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

‘ஸ்லே த ஸ்பயர்’ ஆட்டத்தில் பந்தயப் பணம் கிடையாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதோடு சரி. தோற்றவன் இழப்பது அந்த ஒரு பயணத்தை மட்டும். பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நீதிபதிகள் எடைபோட்ட அதே கேள்வி இங்கே சுத்தமாகத் தெரிகிறது.

வாழ்க்கையைச் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டவர்களில் பெரிய பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1926-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், சீட்டு நம் தேர்வில்லாமல் பழைய வினைப்படி வருகிறது, ஆனால் அதை எப்படி ஆடுவது என்பது நம் கையில் இருக்கிறது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அந்தச் சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டே நூலாக வந்தன. வினைக் கொள்கை மனிதனைச் செயலற்றவன் ஆக்குகிறது என்று குற்றம் சாட்டிய மேலைநாட்டாருக்கு அது தக்க பதில்.

ஆனால் அந்த ஒப்பீட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. ராதாகிருஷ்ணன் காலத்து பிரிட்ஜ் ஆட்டத்தில் 52 சீட்டும் எல்லோருக்கும் பொது. யாரோ குலுக்குகிறார்கள், யாரோ பங்கிடுகிறார்கள். ஆடுகிறவன் நேற்று செய்தது எதுவும் இன்றைய கட்டில் இல்லை. பழைய வினை என்று அவர் சொன்னாலும், ஆட்டத்துக்குள் அதற்கு இடமில்லை.

புதிய ஆட்டம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. தொடக்கத்தில் வீரனுக்குப் பத்துச் சீட்டுகள்: ஐந்து வெட்டு, நான்கு தடுப்பு, ஒரு பலத்த அடி. ஒவ்வொரு சண்டையிலும் வென்ற பிறகு மூன்று சீட்டுகள் நீட்டப்படும். ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் விடலாம். எடுத்தது கட்டில் சேர்ந்துவிடும். பத்தாவது மாடியில் கைக்கு வரும் மோசமான சீட்டு, மூன்றாவது மாடியில் ஆசைப்பட்டு எடுத்ததாகவே இருக்கும். குலுக்கல் வெளியே நடந்தாலும் கட்டு அவன் கட்டியது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிப்பதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதை எடுக்கக் காத்திருக்கும் அடுக்காகக் கொள்ளலாம். அதிலிருந்து இந்தப் பிறவியில் நுகர்வதற்கென்று வந்தது பிராரத்தம். கையில் இருக்கும் ஐந்து. நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்வது ஆகாமியம். சண்டை முடிந்து எடுக்கும் சீட்டு. ஆகாமியம் மறுபடி சஞ்சிதத்தில் போய் விழும். கழித்த அடுக்கைக் குலுக்கி மறுபடி எடுக்கும் அடுக்காக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுழற்சி கண்ணெதிரே நடக்கிறது.

ஊழா முயற்சியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பது இங்கே பொருளிழந்துவிடுகிறது. ஊழ் என்பது முன்பு செய்த முயற்சி. முயற்சி என்பது பின்னால் வரப்போகும் ஊழ். திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழைவிட வலியது இல்லை என்கிறது, 62-ஆம் அதிகாரம் தளராத உழைப்பின் முன் விதியும் தோற்கும் என்கிறது. முரண் என்று பள்ளிக்கூடங்களில் பட்டிமன்றம் நடத்தப்படும் இந்த இரண்டையும் கட்டும் கையுமாகப் பார்த்தால் சண்டை ஓய்ந்துவிடும்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்காக வீடுகளில் விரிக்கும் பரமபதத்தோடு இதை ஒப்பிடுவது பயன் தரும். பரமபதத்தில் ஆடுகிறவருக்குத் தேர்வே கிடையாது. தாயம் உருட்டுவது மட்டும் வேலை. ஏணியும் பாம்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அருளை நம்பிக் கிடப்பவனின் ஆட்டம் அது. தாமிரபரணியின் கீழ்க்கரையில், நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரியில் 1370-ல் பிறந்த மணவாள மாமுனிகளின் தென்கலை மரபும் தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிபோல உயிரைப் பார்த்தது. ஒரே ஆற்றுப் படுகையில் ஒரு கரை அருளையும் ஒரு கரை வினைக் கணக்கையும் இவ்வளவு தீவிரமாக யோசித்திருக்கிறது.

‘ஸ்லே த ஸ்பயர்’ ஆட்டத்தில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிடைக்கிற நல்ல சீட்டையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். கட்டு நாற்பது, ஐம்பது என்று பெருகும். ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் தேவையான நேரத்தில் தேவையான சீட்டு கைக்கு வராது. பழகியவர்கள் ‘வேண்டாம்’ பொத்தானை அடிக்கடி அழுத்துகிறார்கள். வணிகனிடம் 75 பொன் கொடுத்து, தொடக்கத்தில் வந்த வெட்டுச் சீட்டைக்கூடக் கட்டிலிருந்து நீக்குகிறார்கள். ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் அந்த விலை 25 பொன் ஏறும், ஆனாலும் கொடுக்கிறார்கள்.

நல்வினையும் தளைதான், பொன்னால் செய்த விலங்கு என்று சித்தாந்திகள் சொல்வது பலருக்கு விளங்காத இடம். புண்ணியம் சேர்ப்பதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். நல்ல சீட்டுகளால் கனத்துப்போய்த் தோற்ற ஒருவருக்கு அது சட்டென்று விளங்கும். நல்லதன் பயனையும் தீயதன் பயனையும் ஒரே நிலையில் நின்று பார்க்கும் இருவினையொப்பு வந்தால்தான் உயிர் பக்குவப்படும் என்பது அந்த மரபின் கொள்கை.

ஆட்டத்தில் சாபச் சீட்டுகளும் உண்டு. வழியில் ஒரு பெட்டி கிடக்கும். திறந்தால் அரிய பொருள் ஒன்று கிடைக்கும், கூடவே ‘வருத்தம்’ என்ற சீட்டு கட்டில் ஏறும். பிறகு எப்போதெல்லாம் அது கைக்கு வருகிறதோ, சுற்று முடியும்போது கையில் இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை அளவுக்கு உயிர் குறையும். பெட்டியைத் திறந்தது எப்போதோ, வலி இப்போது. ஆடி அமாவாசை அன்று பாபநாசம் படித்துறையில் மூழ்கி எழுகிற கூட்டத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தீக்கையால் சஞ்சிதம் எரியும், பிராரத்தம் உடலோடு நுகர்ந்தே தீரும், ஞானம் வந்தால் ஆகாமியம் ஏறாது என்று சித்தாந்தம் மூன்றுக்கும் மூன்று வழி சொல்கிறது. ஆட்டத்திலும் வணிகன் கட்டைத்தான் குறைப்பான். சண்டைக்கு நடுவே, கைக்கு வந்துவிட்ட சாபத்தோடு அந்தச் சுற்றைக் கடந்தாக வேண்டும்.

குலுக்குவது யார்? வினை சடம், தானாக வந்து உரியவனைச் சேராது, அறிவுள்ள ஒருவன் கூட்டிவைக்க வேண்டும், அவன் இறைவன் என்று சித்தாந்தம் வாதிடுகிறது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வித்து எண் இருக்கிறது. எந்த அறையில் யார், எந்தச் சண்டைக்குப் பின் எந்தச் சீட்டு என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்தே கிளைக்கும். அதே எண்ணோடு தொடங்கி அதே முடிவுகளை எடுத்தால் அதே பயணம் வரும். ஆடுகிறவர் தானே ஓர் எண்ணைக் கொடுத்தும் ஆடலாம். ஆனால் அப்படி ஆடிய பயணத்தைச் சாதனைக் கணக்கில் ஆட்டம் சேர்ப்பதில்லை. முன்கூட்டித் தெரிந்துகொண்டு ஆடுவது ஆட்டமாகாது என்பது அதன் நிலைப்பாடு. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலை ஒன்றாக வைத்து, அதையும் அருள் என்றே சொன்ன சைவ மரபை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. மறைப்பு இருந்தால்தான் உயிர் தன் வினையை மனப்பூர்வமாக நுகர்ந்து கழிக்கும்.

எடுக்கும் அடுக்கில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வரிசை மட்டும் தெரியாது. ‘உறைந்த கண்’ என்ற பொருள் கிடைத்தவருக்கு வரிசையும் தெரியும். ஜாதகம் பார்ப்பதும் அந்தக் கண்தான். அது வரிசையை மாற்றாது, ஆயத்தமாக உதவும். அந்தக் கண் இல்லாமலும் கோபுரத்தின் உச்சி வரை ஏறலாம்.

பொருத்தம் இந்த இடத்தோடு நிற்கட்டும். இரண்டு இடங்களில் ஆட்டமும் சித்தாந்தமும் எதிரெதிர் போகின்றன.

முதலாவது, ஆட்டத்தில் பத்துச் சீட்டோடு ஒரு தொடக்கம் இருக்கிறது. வினைக்குத் தொடக்கமில்லை, அது அனாதி என்கிறது சித்தாந்தம். முதல் கட்டை யார் கொடுத்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. இரண்டாவது இன்னும் ஆழமானது. ஆட்டத்தில் வீரன் செத்தால் கட்டு முழுவதும் போய்விடும். பத்துச் சீட்டோடு மறுபடி அடிவாரம். ஆனால் ஆடியவரின் நினைவு அப்படியே இருக்கும். மறுபிறவியில் நடப்பது இதற்கு நேர்மாறு: வினை தொடரும், நினைவு அழியும்.

அந்தத் தலைகீழை நேராக்கிய இன்னொரு கையடக்க ஆட்டமும் உண்டு. 2004-ல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்’. அதில் சோரா என்ற சிறுவன் மறதிக் கோட்டை ஒன்றின் மாடிகளில் ஏறுகிறான். ஏற ஏறப் பழைய நினைவுகளை இழக்கிறான், சீட்டுகள் மட்டும் அவனோடு வருகின்றன. தன் சீட்டுக்கட்டு ஏன் இப்படி இருக்கிறது என்பதை மெல்ல மெல்ல மறந்துகொண்டே அதை வைத்துச் சண்டை போடுகிறான். பிறவி பற்றிய சித்தாந்தப் படத்துக்கு அவன் நிலை நெருக்கமானது. அவன் நினைவுகளைக் கலைத்த பெண்ணே அவற்றைத் திரும்ப அடுக்குவதற்காக அவன் உறங்க வேண்டியிருக்கிறது. தன் பலத்தால் மட்டும் மீள முடிவதில்லை. அருளுக்கு அந்தக் கதையில் ஒரு வாசல் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் எச்சரிக்கை மிஞ்சுகிறது. இந்த ஆட்டங்களில் ஒருவர் தன் கட்டை மட்டுமே பார்க்கிறார். ஊழ்க் கொள்கை ஊரில் கெட்டுப்போனது, அதை அடுத்தவர் கட்டைப் படிக்கப் பயன்படுத்தியபோதுதான். ஆழ்வார்குறிச்சியைச் சுற்றிய ஊர்களில் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். பொடியின் நெடியில் இருமிக்கொண்டே ஆயிரம் கணக்கில் சுற்றுகிறவளைப் பார்த்து “அவ தலையெழுத்து” என்று திண்ணையில் இருப்பவர் சொன்னால், அவர் தன் கையில் இல்லாத ஒரு சீட்டை ஆடுகிறார். சித்தாந்தம் அந்த உரிமையை யாருக்கும் தரவில்லை. யாருடைய வினை எது என்ற அறிவை இறைவனுக்கு மட்டுமே வைத்தது. மூவகை வினையும் ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கப்பட்ட கணக்கு.

பீடி சுற்றும் அந்தத் தாயின் மகள் இதே ஊரின் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரிக்குப் படிக்கப் போகும்போது, அவள் கையில் ஒரு சீட்டு கூடுகிறது. அந்தச் சீட்டு அவள் பழவினையில் இருந்ததா, கல்லூரியைக் கட்டியவர்களின் நல்வினையா, தாயின் உழைப்பா என்று மூன்றாகப் பிரித்துக் கணக்குப் போட வெளியில் நிற்கும் யாராலும் முடியாது. கல்விக் கட்டணம் கட்ட ஒரு கை கொடுப்பது முடியும்; அப்படிக் கொடுப்பது கொடுப்பவரின் கட்டிலும் ஒரு சீட்டாக ஏறும்.