கண்ட நிறம் பொய்யா?



“கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் பெரியோர் சொல்லிவந்திருக்கிறார்கள். காதால் கேட்டது பொய்யாகலாம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் கண்ணால் கண்டது எப்படிப் பொய்யாகும்? செம்பருத்திப் பூ சிவப்பு, அதன் இலை பச்சை. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வி படித்தவர்களின் வீண் தர்க்கம் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் நடத்தும் விதத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முதலாவது, நாம் நிறத்தைக் காண்பது எப்படி? சூரியனின் வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களுக்கும் உரிய கதிர்கள் கலந்திருக்கின்றன என்பதை நியூட்டன் முப்பட்டைக் கண்ணாடியைக் கொண்டு நிரூபித்து, 1704-ல் தாம் வெளியிட்ட ஒளியியல் நூலில் விவரித்தார். பூவின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைப் பூ உறிஞ்சிக்கொள்கிறது, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. கண்ணின் உட்புறத்தே விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு வடிவ உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மூன்று வகை. ஒரு வகை நீண்ட அலைகளுக்கும், மற்றொன்று நடுத்தர அலைகளுக்கும், மூன்றாவது குறுகிய அலைகளுக்கும் அதிகமாக இணங்கும். இவற்றுள் எதுவும் தனியே நிறத்தை அறியாது. மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்தே மூளை ‘இது சிவப்பு’ என்று தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை வேட்டி நண்பகலிலும் வெள்ளை, மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியிலும் நமக்கு வெள்ளைதான். வெளிச்சம் மாறியதை மூளை தானே கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது. இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் உண்டு. 2015 பிப்ரவரியில் ஓர் உடையின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. ஒரே படத்தைப் பார்த்துச் சிலர் ‘நீலமும் கறுப்பும்’ என்றார்கள், சிலர் ‘வெள்ளையும் பொன்னிறமும்’ என்றார்கள். ஒரே வீட்டிற்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டாயின. உண்மையில் அந்த உடை நீலமும் கறுப்புமானது. ஆயினும் மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று யார் கூற முடியும்?

அப்படியானால் நிறம் என்பது வெறும் மாயைதானா? ஆளுக்கொரு உண்மை என்று விட்டுவிடலாமா? அதுவும் சரியல்ல. இதற்கு ஒரு சரித்திர உதாரணத்தைப் பார்ப்போம்.

அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, 1792-ல் ஒரு ஜெரானியம் பூவைப் பகலில் பார்த்தார், வான நீலமாகத் தோன்றியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார், நீலம் சிறிதுமின்றிச் சிவப்பாகத் தோன்றியது. நண்பர்களைக் கேட்டார். அவர்களுக்கு அது பகலில் இளஞ்சிவப்பு, இரவிலும் பெரிய வித்தியாசமில்லை. அவருடைய சகோதரர் மட்டுமே அவரைப் போலக் கண்டார். டால்டன் கோபிக்கவுமில்லை, வெட்கப்பட்டு மறைக்கவுமில்லை. தம் பார்வைதான் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது என்று கண்டு, 1794-ல் மான்செஸ்டர் நகரில் அறிஞர் சபையின் முன் அதை விவரித்தார். நிறக்குருடு பற்றிய முதல் விஞ்ஞான விளக்கங்களுள் அது ஒன்று.

தம் கண்ணினுள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். தாம் இறந்தபின் கண்ணை அறுத்துப் பரிசோதிக்கும்படியும் சொல்லிவைத்தார். 1844-ல் அவர் காலமானதும் அப்படியே செய்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது, அவர் எண்ணம் தவறு. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் திசுவை 1995-ல் மரபணு முறையில் ஆராய்ந்தபோது, மூன்று வகைக் கூம்புகளில் நடுத்தர அலைக்குரிய வகை அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பூவிலிருந்து சிவப்புக்குரிய ஒளியும் வருகிறது, நீலத்துக்குரிய ஒளியும் வருகிறது. டால்டன் பகலில் கண்ட நீலம் இல்லாத ஒன்றல்ல. உள்ளதில் ஒரு பாகத்தையே அவர் கண்டார். மெழுகுவர்த்தி ஒளியில் நீலம் குறைவு, ஆகையால் அப்போது மற்றப் பாகம் தெரிந்தது. ஆகவே கண்டது பொய்யல்ல. கண்ட பாகத்தை முழுமை என்று தீர்ப்பிடும்போதுதான் தவறு பிறக்கிறது. தவறு வேறு, பொய் வேறு. மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசுகிறவனே பொய்யன் என்றும், உண்மையென்று நம்பித் தவறாகச் சொல்கிறவன் பொய்யன் அல்லன் என்றும் அர்ச். அகுஸ்தீனார் பொய்யைப் பற்றிய தம் நூலில் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

இனி வீட்டுக்கு வருவோம். இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டுகிற பையன், பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் பிரிக்கத் தெரியாத பையன், ‘சோம்பேறி’ என்றும் ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்றும் அடி வாங்குகிறான். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு, பெண்களில் 200 பேரில் ஒருவருக்கே உண்டு. நம் நாட்டிலும் இது அரிதல்ல. கண்டதைக் கண்டபடி சொன்னதற்காகப் பிள்ளையை அடித்தால், அவன் கற்றுக்கொள்வது நிறத்தை அல்ல. பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதைத்தான் கற்றுக்கொள்வான். அதாவது, நாமே அவனுக்குப் பொய் சொல்லக் கற்பிக்கிறோம்! ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு கண் மருத்துவர் சில நிமிடங்களில் இக்குறையைக் கண்டுபிடித்துவிடுவார். இது பெரும்பாலும் தாய் வழியாகவே மகனுக்கு வருகிறது. ஆனால் அதற்காக மருமகளைக் குறை சொல்லும் மாமியார் நியாயம் செய்கிறவர் அல்லர். தன்னிடம் குறை தோன்றாமலே, தான் அறியாமலே கொடுத்ததற்கு எந்தத் தாயும் குற்றவாளி அல்ல.

அதே சமயம், சிவப்பு விளக்கு எல்லோருக்கும் சிவப்பு விளக்குதான். எனக்கு அப்படித் தெரியவில்லை என்று சொல்லி ரயிலை ஓட்டிவிட முடியாது. தன் பார்வைக்கு எல்லை உண்டென்று அறிந்தவன் பிறரைக் கேட்டு நடக்கவேண்டும். காண்கிறவன் காணாதவனை ஏளனம் செய்யாமல் உதவவேண்டும். டால்டன் செய்தது இதுவே. கண்டதை ஒளிக்காமல் சொன்னார், பிறரைக் கேட்டார், தம் விளக்கம் தவறா என்பதைச் சோதிக்கவும் வழி வைத்துப் போனார். தீர விசாரிப்பது என்றால் இதுதான். அடுத்த முறை நம் வீட்டில் ஒருவர் வேறு விதமாகக் கண்டதாகச் சொன்னால், “பொய் சொல்லாதே” என்று வாயை அடைப்பதற்கு முன், “உனக்கு எப்படித் தெரிகிறது, சொல்” என்று கேட்போமாக.