வேரின் நறுமணமும் இல்லறத்தார் நோன்பும்

நோன்பு காக்கும் நம் இல்லங்களில் கிழங்கு வகைகளை உண்பதில்லை. கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் ஓருடலில் உறைகின்றன. அதனை அகழ்ந்தால் செடியும் மடிகிறது. உணவில் காக்கும் இந்நெறி, பூசிக்கொள்ளும் நறுமணத்திற்கும் பொருந்துமா?

சடாமாஞ்சில் என்னும் மூலிகையைக் காண்போம். இமயமலையில் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல் இயற்கையாக வளரும் சிறு செடி அது. அதன் எண்ணெய் வேர்த்தண்டில் உள்ளது. ஆதலின் செடியைத் தோண்டியெடுத்து, வேரை உலர்த்தி, நீராவியால் எண்ணெய் வடிக்கின்றனர். பூவைக் கொய்தால் செடி பிழைக்கும். வேரைக் கொண்டால் பிழைக்க வழியில்லை. குளிர்நிலத்தில் மெல்ல வளர்வதால் இழப்பு விரைவில் ஈடாவதுமில்லை. 1997-இல் இதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது. எனினும் இன்று இது அழியும் நிலையிலுள்ள இனமாகவே கணிக்கப்பெறுகிறது.

அகழ்பவர்களுள் பலர் வறிய மலைவாழ் மக்கள். வினை அவர்க்கே என்று நாம் ஒதுங்கலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நம் அறநூல்களின் துணிபு. விலை கொடுத்து வாங்குபவர் செய்விப்பவரே ஆவார்.

ஓரறிவுயிர்க்கு நேரும் ஊற்றை இல்லறத்தார் முற்றும் தவிர்த்தல் இயலாது. ஆயினும் அது தேவையின் அளவைக் கடக்கலாகாது. மருந்துக்கு வேண்டுமாயின், பயிரிட்டு எடுத்ததா என்று வினவி வாங்குக. பயிரிட்ட செடியும் மடியும்; எனினும் காட்டில் அதன் இனம் அற்றுப்போகாது. வெறும் மணத்திற்காயின், போகோபபோக பரிமாண விரதத்தில் இதனையும் சேர்த்து விலக்குதலே தகும். நாவிற்கு வரம்பு கட்டியவர் நாசிக்கும் கட்டுதல் அரிதன்று.