நல்ல அப்பாவிடம் எப்படிக் கோபிப்பது?

கொடுமைக்காரத் தந்தையை எதிர்க்கத் துணிவு இருந்தால் போதும். ஊரும் பிள்ளையின் பக்கம் நிற்கும். நல்ல தந்தையை எதிர்ப்பதுதான் கடினம். அவர் செய்த பிழை என்னவென்று யாராவது கேட்டால் பிள்ளையால் ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது.

2006இல் வெளிவந்த 'பொம்மரில்லு' என்ற தெலுங்குப் படம் இந்தச் சங்கடத்தைக் காதலும் நகைச்சுவையுமாகச் சொல்கிறது. பாஸ்கர் இயக்கிய முதல் படம். தலைப்புக்குப் 'பொம்மை வீடு' என்று பொருள். நம்மில் பலர் பார்த்திருப்பது 2008இல் வந்த அதன் தமிழ் வடிவமான 'சந்தோஷ் சுப்பிரமணியம்' ஆக இருக்கும். தெலுங்கில் சித்தார்த் நடித்த மகன் வேடத்தைத் தமிழில் ஜெயம் ரவி ஏற்றார். தந்தையாகப் பிரகாஷ்ராஜும் ஹாசினியாக ஜெனிலியாவும் இரண்டு மொழிகளிலும் நடித்தார்கள்.

தெலுங்குப் படத்தின் தந்தை அரவிந்த், குடும்பமே உலகம் என்று வாழ்பவர். பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே வாங்கிக் கொடுப்பவர். மகன் சித்து உடுத்தும் சட்டையின் நிறம்கூட அவருடைய தெரிவுதான். தொழிலையும் மனைவியையுமாவது தானே தேர்ந்தெடுப்பதென்று சித்து மனதுக்குள் உறுதி எடுத்திருக்கிறான். ஆனால் அப்பா பெண் பார்த்து நிச்சயம் செய்யும்போது பேசாமல் நிற்கிறான். அதன் பிறகுதான் ஹாசினியைச் சந்திக்கிறான்.

கடைசியில் அவன் வெடிக்கும் காட்சி புகழ்பெற்றது. அதில் அவன் சொல்வதைத் தாளில் எழுதிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எல்லாம் நீங்களே செய்தீர்கள், எல்லாவற்றையும் நீங்களே தந்தீர்கள் என்பதுதான் சாராம்சம். இந்த வழக்கை எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். ஆனாலும் அவன் பக்கம் நியாயம் இருப்பது பார்க்கிற நமக்குப் புரிகிறது. அது என்ன நியாயம்?

ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859இல் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொள்வது நல்லது என்கிறார் மில். அந்த அமைப்பு மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்பதற்காக இல்லை. அது அவருடையது என்பதற்காக. மில்லுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அவருக்கு மூன்று வயதிலேயே கிரேக்கம் தொடங்கிவைத்தவர் தந்தை ஜேம்ஸ் மில். எதைப் படிப்பது, எப்படிச் சிந்திப்பது, எதற்காக உழைப்பது எல்லாமே தந்தையின் திட்டம். திட்டம் பலித்தது, பிள்ளை மேதையானான். 1826இல், இருபது வயதில், தன் இலட்சியங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டால் தனக்கு மகிழ்ச்சி கிடைக்குமா என்று மில் தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தார். அந்த நேரத்தில் உதவி கேட்டுப் போகக்கூடியவர்களில் தந்தைதான் கடைசி ஆளாகத் தோன்றினார் என்று சுயசரிதையில் எழுதுகிறார்.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பிள்ளைக்காக எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அன்பினால் பிள்ளை இழப்பதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பெற்றவர் இழப்பதைப் பேசுவதில்லை. சித்து வீட்டுக்குள் ஒருவன், வெளியே வேறொருவன். அரவிந்துக்குத் தெரிந்தது தலையாட்டும் சித்துவை மட்டுமே. தன் வீட்டில் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் வளர்ந்தவனை அவர் சந்தித்ததே இல்லை.

என் மகள் பல்கலைக்கழகத்தில் பாடத்துறையை மாற்றி எட்டு மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அவள் அம்மாவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும். "நீங்கள் வேண்டாமென்று சொல்லமாட்டீங்கள் என்று தெரியும் அப்பா. ஆனால் கவலைப்படுவீங்கள்" என்றாள். நான் ஒரு நாளும் அவளை அதட்டியவனில்லை. அந்தக் கவலையே அதட்டலாக இருந்திருக்கிறது.

ஆனால் பிள்ளையும் முழுக்கக் குற்றமற்றவர் இல்லை. படத்தில் எல்லோரும் மறந்துவிடும் ஒருத்தி சுப்புலட்சுமி, சித்துவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். அப்பாவின் மனம் நோகக்கூடாதென்று அவன் அடக்கிக்கொண்ட ஒரு சொல்லின் விலையை அவள் கட்டுகிறாள். கடைசியில் அவளிடமும் அவள் பெற்றோரிடமும் போய் இந்தத் திருமணம் வேண்டாமென்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. கீழ்ப்படிதல் தூய்மையானது என்று நம்மிடம் ஓர் எண்ணம் உண்டு. மனமில்லாமல் சொன்ன 'சரி' மூன்றாவது ஆளின் தலையில் விழும்போது அது பொய்தான். பெற்றோருக்காக மணம் முடித்து, அந்தக் கசப்பை மனைவியிடமோ கணவனிடமோ காட்டி வாழ்பவர்களை நம் ஊர்களிலும் இந்த நாடுகளிலும் பார்த்திருக்கிறோம்.

புலம்பெயர்ந்த வீடுகளில் இந்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. இங்கே பெற்றோரின் தியாகம் கண்முன்னே நடந்தது. இரவு வேலை, பனியில் பேருந்துக்கு நின்றது, ஒரே கோட்டைப் பல குளிர்காலம் போட்டது எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தார்கள். அந்த நன்றிக்கடனை எப்படி அடைப்பதென்று தெரியாமல், கீழ்ப்படிந்து அடைக்கப் பார்க்கிறார்கள். நாமும் வாங்கிக்கொள்கிறோம். நன்றி காலம் முழுதும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் உரிமையாக மாற்றிக்கொள்ளும்போது, தியாகம் பின்தேதியிட்ட காசோலையாகிவிடுகிறது.

படம் இதற்கு முழு விடை தரவில்லை. அரவிந்த் மனம் மாறி, தானே ஹாசினியின் தந்தையிடம் மகனுக்காகப் பேசுகிறார். அதாவது மகனின் சுதந்திரமும் அப்பா வாங்கித் தந்த இன்னொரு பொருளாகிறது. ஆனாலும் ஒன்றை இயக்குநர் சரியாகக் கண்டிருக்கிறார். முன்பு ஹாசினி சித்துவின் வீட்டில் ஒரு வாரம் தங்கினாள். எல்லோரிடமும் வலியப் பேசிச் சிரித்தவள் அந்த வீட்டுக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, கடைசியில் முடியாமல் வெளியேறினாள். இப்போது சித்து அவள் வீட்டில் ஒரு வாரம் தங்குவதென்று முடிவாகிறது. அங்கே சட்டையின் நிறத்தைத் தெரிவுசெய்து கொடுக்க அரவிந்த் இருக்கமாட்டார். அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று படம் காட்டுவதில்லை.

மகள் புதிதாக என்ன படிக்கிறாள் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி புரிவதில்லை. அது நல்ல தெரிவுதானா என்று நாக்கு நுனிவரை வரும். அடக்கிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்கிறேன். சென்ற வாரம் அவளாகவே தொலைபேசியில் அழைத்தாள், ஒரு தேர்வில் தோற்றுவிட்டதைச் சொல்ல.