இடையில் வரைபவர்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். திரையில் ஒரு முயல் ஓடிக்கொண்டிருந்தது. புதரைத் தாண்டுகையில் அதன் காதுகள் பின்னோக்கி மடிந்தன. கால் தரையில் ஊன்றியதும் மீண்டும் நிமிர்ந்தன. "இந்தக் காது நான் போட்டது, ஃபாதர்" என்றான். இன்னொரு முறை ஓட்டிக் காட்டினான். இரண்டு வினாடி இருக்கும். எத்தனை நாள் வேலை என்று கேட்டேன். மூன்று வாரம் என்றான்.

சிறுசேரியில் இத்தகைய பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலைக்கு இராசீவ் காந்தி சாலை என்று பெயர் மாறி, தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து, வயலில் நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கணினி முன் அமர்ந்துவிட்டார்கள். இவன் செய்வது கார்ட்டூன் படத்தில் ஒரு சிறு பகுதி. வேறு நாட்டு நிறுவனம் ஒன்றுக்காக இங்கே செய்து அனுப்பப்படும் வேலை. "படம் முடிந்ததும் பெயர்கள் ஓடும், ஃபாதர். அதில் எங்கள் பெயர் வராது. உன் பெயர் எந்தப் படத்தில் வரும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெயரே இல்லாத வேலையைச் செய்து என்ன பயன்?"

மறைவில் செய்வதைக் காணும் தந்தை ஒருவர் உண்டு என்று சொன்னேன். நாசரேத்தூரின் முப்பது ஆண்டுகளை நினைவூட்டினேன். அவன் தலையசைத்தான். பெரியவர்கள் முன் இளைஞர்கள் தலையசைக்கும் விதம் ஒன்று உண்டு. அதை உடன்பாடு என்று எடுத்துக்கொள்பவர் அவர்களை அறியாதவர்.

என் மறுமொழி அன்று மாலைவரை என்னை உறுத்திற்று. சொன்னது பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது விடையா? இந்த உறுத்தலோடுதான், அவன் தொழிலுக்கு இந்நாட்டில் வழிவகுத்தவர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கலானேன்.

அவர் ராம் மோகன். 1931-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்றவர், அந்தப் படிப்பை விட்டுவிட்டு 1956-இல் அரசின் திரைப்படப் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரையரங்கில் படம் தொடங்குமுன் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப்படங்களும் குறும்படங்களும் அங்கிருந்து வந்தவையே. அவை ஓடும்போது வெளியே தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்களும் நம்மிடையே உண்டு. அங்குத் தொடங்கப்பட்ட கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்க அமெரிக்காவிலிருந்து வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியின் ஓவியக் கூடத்தில் 'ஸ்நோ ஒயிட்', 'பாம்பி' ஆகிய படங்களில் பணியாற்றியவர். நம் நாட்டில் மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்தவர். பெற்றோர் ஒரு பணிக்கு வந்த நாட்டுக்கு மகன் வேறொரு பணிக்குத் திரும்பிவந்தார். புத்த சாதகக் கதை ஒன்றைக் கொண்டு அவர் வழிகாட்டுதலில் உருவான 'ஆலமர மான்' என்னும் படம் 1957-இல் வெளிவந்தது. ராம் மோகன் தொழில் கற்றது அவரிடமே.

அவருக்கு முன்னும் நம்மவர் முயன்றதுண்டு. தாதாசாகிப் பால்கே, பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாளுக்குச் சிறிதாகப் படம்பிடித்து ஓட்டிக் காட்டினார். 1915-இல் தீக்குச்சிகளை நடமாடவிட்டு ஒரு குறும்படமும் எடுத்தார். தமிழகத்தில், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 1947-இல் 'சினிமா கதம்பம்' என்னும் சித்திரப் படத்தைத் தாணு என்பவர் ஆக்கினார். வாசனின் பெயரை அறியாத தமிழர் இல்லை. தாணுவின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இத்தொழிலின் தன்மையைச் சிறிது சொல்லியாக வேண்டும். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் வினாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். பத்து நிமிடப் படத்துக்கு 7,200. தலைமை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கம், முடிவு, திருப்பம் ஆகிய முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். கை மேசைமீது இருக்கிறது. பிறகு தலைக்குமேல் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அந்தக் கை கடந்துவரும் நிலைகளை வரைபவர் உதவியாளர். அவருக்கு அத்தொழிலில் வழங்கும் பெயரே 'இடையில் வரைபவர்' என்று பொருள்படும். கீழிருந்து விளக்கொளி வரும் மேசையில் தாளின்மேல் தாளை வைத்து, முன்னது எங்கே நின்றது, பின்னது எங்கே நிற்கும் என்று பார்த்துப் பார்த்து அவர் வரைவார். பிறகு மற்றொருவர் அதைக் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டுத் தாளில் மையால் எடுப்பார். வேறொருவர் பின்புறம் வண்ணம் தீட்டுவார். படம்பிடித்த பிறகு, பணமுடை மிகுந்த கூடங்களில், அந்தத் தாள்களைக் கழுவித் துடைத்து மறுபடியும் பயன்படுத்துவதுண்டு. வரைந்தவரின் கைவண்ணம் வாளித் தண்ணீரில் கரைந்துபோகும். இன்று கணினி வந்து மையும் வாளியும் போய்விட்டன. இடையில் வரைபவர் போகவில்லை.

அனிமேஷன் என்னும் சொல்லுக்கு வேர், 'அனிமா' என்னும் இலத்தீன் சொல். ஆன்மா, உயிர் என்று பொருள். பூந்தமல்லி குருத்துவக் கல்லூரியில் கற்ற இலத்தீனில் எனக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சமே, இச்சொல் மிஞ்சியிருக்கிறது. தம்மைத் தாமே இயக்கிக்கொள்வதே உயிருள்ளவற்றின் அடையாளம் என்று புனித தோமா அக்குவினா கற்பித்தார். அந்த அளவுகோலின்படி கார்ட்டூன் முயலுக்கு உயிர் இல்லை. பிறர் இயக்குவதால் இயங்குகிறது. மண்ணைப் பிசைந்து உயிர்மூச்சு ஊதியவரோடு இந்த ஓவியர்களை ஒப்பிட்டுப் புகழ்வது மிகை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் தோமாவின் இன்னொரு போதனை இங்கே பொருந்துகிறது. ஆன்மா உடல் முழுவதிலும் முழுமையாக இருக்கிறது. அதே ஆன்மா உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் முழுமையாக இருக்கிறது என்றார் அவர். தலையில் அதிகமும் விரலில் குறைவுமாக அது பங்கிடப்படுவதில்லை. குருமாணவனாக இதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். முயலின் காதைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு விளங்கிற்று. அந்தக் காது ஒரு கணம் தவறாக மடிந்தால் முயலே செத்துவிடுகிறது. காகிதம் காகிதமாகத் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் காதை வரைந்தவன் முயலில் ஒரு சிறு பங்கை மட்டும் செய்தவன் என்று எப்படிச் சொல்வது?

ராம் மோகனின் வாழ்வு இதற்கு இரு பக்கமும் சாட்சி சொல்கிறது. திரைப்படப் பிரிவில் பத்தாண்டுகளுக்கு மேல், அரசு சொன்னதை வரைந்த ஒரு கூட்டத்தில் ஒருவராக இருந்தார். சுகாதாரம், சேமிப்பு, குடும்பக் கட்டுப்பாடு என்று அந்தப் பிரிவு மக்களுக்குச் சொன்னவை பல. அவற்றுள் சிலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பது வாசகர்க்குத் தெரிந்ததே. அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1968 அளவில் அங்கிருந்து விலகிப் பிரசாத் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவை நடத்தினார். 1972-இல் சொந்தக் கூடம் தொடங்கினார். 'யூ செட் இட்', 'ஃபயர் கேம்ஸ்' ஆகிய படங்களுக்குத் தேசிய விருது பெற்றார். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', சத்யஜித் ராயின் 'சத்ரஞ் கே கிலாடி' ஆகியவற்றில் வரும் சித்திரப் பகுதிகள் அவருடையவை. அவற்றைப் பார்த்தவர்கள் சென்னையும் ராயையும் நினைவில் வைத்தார்கள், அது இயல்புதான்.

அவர் பங்கேற்ற மிகப் பெரிய முயற்சி, சப்பானியரான யூகோ சாகோவோடும் கோய்ச்சி சசாகியோடும் சேர்ந்து இயக்கிய இராமாயணப் படம். ஏறத்தாழ 450 ஓவியர்கள் ஒரு இலட்சம் அளவில் கையால் வரைந்த ஓவியங்கள் அதில் உள்ளன. வெளிநாட்டார் இக்கதையைத் தொடலாமா என்று இங்கு எதிர்ப்பு எழுந்தமையால் வேலை சப்பானில் நடந்தது. வேட்டி எப்படி மடிந்து விழும், பெரியவரை எப்படி வணங்குவர் என்பவற்றை அந்நாட்டு ஓவியர்களுக்கு நம்மவர்கள் கற்பிக்க வேண்டியிருந்தது. 1993-இல் இந்தியாவில் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட அந்தப் படம், 2025 சனவரியில்தான் தமிழ் உட்பட நம் மொழிகளில் நாடெங்கும் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்குள் சாகோ இல்லை; 2014-இல் பத்மஸ்ரீ பெற்ற ராம் மோகனும் 2019-இல் மறைந்துவிட்டார்.

ஆயினும் என் மனத்தில் நிற்பது அவருடைய மீனா. யுனிசெஃப் அமைப்புக்காக 1990-களில் தெற்காசிய நாடுகளுக்கென உருவாக்கப்பட்ட சிறுமி அவள். எந்த நாட்டுப் பிள்ளையும் தன் ஊர்க்காரி என்று எண்ணும்படி அவளுடைய உடையையும் முகத்தையும் அமைக்கப் பல ஊர்களில் மக்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டறிந்தார்கள். ஒரு கதையில், பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா தன் கிளியைப் பள்ளிக்கு அனுப்பிப் பாடம் கேட்டுவரச் சொல்கிறாள். கற்ற எண்ணிக்கையைக் கொண்டு கோழி திருடுபோனதைக் கண்டுபிடிக்கிறாள். இன்னொரு கதையில் மாம்பழத்தின் பெரும்பங்கு தம்பி ராஜுவுக்குப் போகிறது. இருவரும் ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். அக்காள் விடியலிலிருந்து என்னவெல்லாம் செய்கிறாள் என்பது அன்றுதான் தம்பிக்குத் தெரிகிறது. கண்ணில் படாத உழைப்பைப் பற்றிய இந்தக் கதையை, கண்ணில் படாத உழைப்பாலேயே நிறைந்த ஒரு தொழில் சொல்லியிருக்கிறது.

அந்த மாம்பழத்தருகே வந்தபோதுதான் என் மறுமொழியின் பிழை தெரிந்தது. ஒருவர் தம்மை மறைத்துக்கொள்வது வேறு. அவர் பிறரால் மறைக்கப்படுவது வேறு. முன்னது நோன்பு. அதை ஏற்பவர் தாமே மனமுவந்து ஏற்க வேண்டும். பின்னதை நோன்பு என்று பெயரிட்டுப் பிறர்மேல் சுமத்த எனக்கு உரிமை இல்லை. மீனாவிடம் போய், மகளே, சிறிய துண்டை மகிழ்வோடு ஏற்றுக்கொள் என்று சொல்பவனை நீங்கள் நல்ல குரு என்பீர்களா? விடுதலைப்பயண நூல் சந்திப்புக் கூடாரத்தைப் பற்றி எத்தனையோ அளவுகளையும் துணிகளையும் அடுக்கிச் சொல்கிறது. நடுவே கைவினைஞர் இருவரின் பெயர்களையும் அது விடவில்லை: பெட்சலேல், ஒகொலியாபு. பார்வோனின் பெயரைக்கூடச் சொல்லாத நூல் அது.

இதை எழுதும்போது எனக்கே நாணமாக இருக்கிறது. எங்கள் ஆலய வளாகத்தில் மாதா கெபி கட்டினோம். அதன் அடியில் ஒரு கருங்கல் பதித்திருக்கிறோம். அர்ச்சித்த ஆயரின் பெயர், பங்குத்தந்தையாகிய என் பெயர், நன்கொடையாளர்களின் பெயர்கள். மறைந்திருப்பதன் மாண்பை அந்த இளைஞனுக்கு நான் விளக்கிய இடம், அந்தக் கல்லிலிருந்து பத்தடி தொலைவு.

சென்ற மாதம் அவனை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன். அருச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்றோம். யானைகளையும் தவம் செய்யும் பூனையையும் எல்லாரும் பார்ப்பார்கள். கீழே, பின்னங்காலை உயர்த்தி முகத்தைச் சொறியும் மானை அவன் வெகுநேரம் பார்த்தான். "கால் மூக்கைத் தொடுவதற்குச் சற்று முந்திய நிலை, ஃபாதர். இங்கிருந்து தொடுவதற்கு இன்னும் நான்கு படம் வேண்டும்" என்றான். அந்த மானைச் செதுக்கியவரின் பெயர் பாறையில் இல்லை. ஐந்து இரதங்களில் பெரியதன்மேல் அரசனுடைய விருதுப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன.

திரும்பும் வழியில் பூஞ்சேரியில் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஒதுக்குப்புறமான பாறை ஒன்றில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மாமல்லபுரத்தில் பணிசெய்த சிற்பிகளின் பெயர்கள் என்று அறிஞர் கருதுகின்றனர். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். கொல்லன் சேமகன். அரசன் வரும் வழியில் எழுதாமல், தாங்கள் தங்கி உழைத்த இடத்தில் எழுதி வைத்தார்கள் போலும். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அவன் குந்தி அமர்ந்து விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். வேலையில் நீடிப்பானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எங்கள் கெபியைக் கட்டிய கொத்தனாரின் பெயர் எனக்கு நினைவில்லை. அவரோடு இரண்டு சித்தாள்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பெண். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும்படி பங்குப்பேரவைச் செயலரிடம் கேட்டிருக்கிறேன். கல்லில் கீழே நான்கு விரல் இடம் இருக்கிறது.