பெரியதும் அரியதும்

வான நூலார் ஆங்கிலத்தில் அடிக்கடி வழங்கும் சொற்சேர்க்கை ஒன்று உண்டு: ‘சூப்பர் மாஸிவ்’. ‘சூப்பர்’ என்றால் மேலே, மிஞ்சியது. ‘மாஸிவ்’ என்றால் பெரும் நிறையுள்ளது. ‘மாஸ்’ என்பதன் வேரைத் தேடிப் போனால், கிரேக்கர்களின் வாற்கோதுமை அடையில் போய் நிற்கிறது. அடுக்களையில் பிறந்த சொல் ஆகாயம் ஏறி, பெரிய நட்சத்திர மண்டலங்களின் நடுவே வீற்றிருக்கும் கருந்துளைகளுக்கு அடைமொழியாகிவிட்டது.

பெரிது என்று மட்டும் சொன்னால் போதாதுதான். நமது பால்வீதியின் நடுவில் இருப்பது, சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. 2019 ஏப்ரலில் உலகமே படத்தில் பார்த்த எம் 87 மண்டலத்துக் கருந்துளையோ, சுமார் 650 கோடி சூரியன்களுக்குச் சமம். அங்கிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 5.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இந்தக் கணக்குகள் தலையில் சுழன்று கொண்டிருந்த நாட்களில் நான் ஒரு தவறு செய்தேன். நண்பர் ஒருவருடைய பேரன், ஆறு வயதுப் பையன், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “இத்தனை பெரிய பிரபஞ்சத்தில் நாமெல்லாம் எம்மாத்திரம்?” என்றேன். நண்பர் தலையை ஆட்டினார். அவர் மனைவி வாசற்படியையே பார்த்துக் கொண்டிருந்தார். அங்கே ஒரு ஜோடிப் புதுச் செருப்பு.

“அடுத்த வருஷமும் போட்டுக்கட்டும்னு ஓர் அளவு பெரிசா வாங்கினேன், அண்ணா” என்றார்.

நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் யோசனை. பிரபஞ்சத்தின் முன் துக்கம் சிறியது என்றால், அன்பும் சிறியதுதான்; அநியாயமும் கடமையும்கூடச் சிறியவைதான். அப்புறம் எதற்காக ஒருவன் ஒழுங்காக வாழ வேண்டும்? அது போகட்டும். என் பணப்பை தொலைந்த அன்று நான் நட்சத்திரங்களை நினைத்துச் சமாதானம் அடைந்தேனா? இல்லையே! அண்டத்தின் அளவு நம் கர்வத்துக்கு நல்ல மருந்து, ஐயமில்லை. ஆனால் அந்த மருந்தை அவரவர் தமக்குத்தான் சாப்பிட்டுக் கொள்ள வேண்டும். அடுத்தவர் கண்ணீரில் கலந்து கொடுக்கலாகாது.

அதே கருந்துளையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி அதன் நிறை, சுழற்சி, மின்னேற்றம் ஆகிய மூன்று எண்கள் தெரிந்தால் போதும். வெளியே நிற்பவர் அதைப் பற்றி அறிய வேறொன்றும் மிச்சமில்லை. எந்தெந்த நட்சத்திரங்களை விழுங்கி வளர்ந்தது என்ற அடையாளம்கூட அதனிடம் இராது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1983-இல் கருந்துளைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் வியந்ததும் அவற்றின் எளிமையைத்தான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய ஆறுதல். முந்நூறு பக்கம் எழுதியும் ஒரு சாதாரணக் குமாஸ்தாவை என்னால் முழுக்கச் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. 650 கோடி சூரியன்களை மூன்று எண்களில் சொல்லிவிடலாமாம்! பெரியது என்பது வேறு, அரியது என்பது வேறு. நிறுத்துப் பார்த்து மதிப்புப் போடும் பழக்கம் நமக்குச் சந்தையில் வந்தது. அதை ஆகாயம் வரை கொண்டு போய்விட்டோம்.

சில நாள் கழித்து மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை நட்சத்திரங்களைப் பற்றிப் பேசவில்லை. “பையன் எப்படி இருப்பான், அம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

பொழுது சாய்ந்தது, விளக்கும் ஏற்றியாயிற்று. பாட்டி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.