கழிவும் அண்டையாரும்

வேண்டாதது என்று நாம் எறியும் பொருள் உண்மையிலேயே வேண்டாததுதானா? அன்றி, அது யாருக்கு வேண்டும் என்று நாம் கேட்டறியவில்லையா? டென்மார்க் நாட்டுத் துறைமுக நகரமாகிய கலுண்ட்போர்க்கின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நிலத்தடி நீரோ போதாது. எனவே 1961இல் திஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் பதித்தார்கள். 1972இல் அவ்வாலை வீணே எரித்து வந்த வாயு, அண்டையிலிருந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலைக்கு எரிபொருளாயிற்று. 1976இல் இன்சுலினும் நொதிகளும் செய்யும் ஆலையின் சேறு வயல்களுக்கு உரமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் அனல்மின் நிலையத்தின் நீராவி ஆலைகளுக்கும், வெப்பம் வீடுகளுக்கும் சென்றது. 1993இல் அந்நிலையத்தின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது விளைந்த ஜிப்சம், பலகை ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. ஏரியும் காற்றும் மண்ணும் அந்த அளவுக்குச் சுமை குறைந்தன.

இதனை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒவ்வோர் உடன்பாடும் இருவர் தத்தம் ஆதாயம் கருதிச் செய்துகொண்டதே. ‘தொழில்துறைக் கூட்டுயிர் வாழ்வு’ என்னும் பெயர்கூட 1989இல்தான் அதற்கு வாய்த்தது.

அவ்வாறாயின் இதில் அறம் எங்கே என்று சிலர் கேட்கலாம். ஆதாயம் நோக்கிய செயல் நற்செயலாகுமா?

ஆதாயம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்யும்; ஒருவரையொருவர் நம்பச் செய்யாது. அது சிறு நகரம். ஆலைகளை நடத்தியோர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். தம் ஆலையிலிருந்து வெளியேறுவது யாது என்பதை அண்டையாரிடம் மறையாது உரைத்தனர். கழிவை இரவோடிரவாக ஆற்றில் கலப்பவனிடம் அதனை விலைக்குக் கேட்டு யார் வருவார்? ஆதாயத்துக்கும் முன்னே வாய்மை நின்றது. அறம் அங்கேதான் இருக்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. அந்த ஜிப்சம் நிலக்கரிப் புகையின் பிள்ளை. ஜிப்சம் கிடைக்கிறதே என்பதற்காக நிலக்கரியை எரித்துக்கொண்டே இருந்தால், கூட்டு வாழ்வு கூட்டுக் குற்றமாகிவிடும். 2019-20 காலத்தில் அம்மின் நிலையம் மரச்சில்லுகளை எரிக்கும் புதிய பிரிவுக்கு மாறிற்று. பழைய பரிமாற்றம் ஒன்றை இழக்கவும் துணிவதே இக்கூட்டுறவின் உரைகல்.

ஆகவே, முதற்கடமை கழிவைக் குறைப்பது. எஞ்சியதைப் பகிர்வது அடுத்தது. இவ்வரிசையை மாற்றிவிட்டால், பகிர்வு என்னும் நல்ல சொல்லே விரயத்துக்குத் திரையாகிவிடும்.